அமெரிக்கப் பெரியம்மாவின் கல்வெட்டு

பென்டில் ஹில், சிட்னி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

அன்பு மகள் நிவேதிகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் நல்ல சுகம், என் இடது முழங்காலைத் தவிர, அது என்னை விட்டுத் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது. மெல்பேர்ண் டார்னெய்ட்டில் நீயும் உன் கிற்றாரும் சுகமாக இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை பிள்ளையாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், கிற்றார் என்றால் என்னவென்று அவருக்கு விளங்கியதோ தெரியாது. போன் இருக்க இந்த மனுசன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீதான் மூன்று கிழமையாக என் போனை எடுப்பதில்லையே. அம்மாவோடு சிரித்துச் சிரித்துக் கதைக்கிறாய், பின்னால் என் இருமல் கேட்டால் உடனே வேலைக்கு நேரமாகிவிடுகிறது உனக்கு. கடிதத்தை அப்படிக் கட் பண்ண முடியாது பார். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை, எழுத்துப் பிழை இருக்கும், சிவப்புப் பேனாவை எடுக்காமல் வாசி.

அன்றைக்கு நீ கேட்டது என் காதிலேயே நிற்கிறது. எழுபது கதிரை போடுகிற சின்ன மண்டபம், முதல் தரமாக நீயே எழுதிய பாட்டுகளை மேடையில் பாடப் போகிறாய், வருவீங்களோ அப்பா என்று கேட்டாய். நான் அன்றைக்கு நாயைக் குளிப்பாட்ட வேண்டும் என்றேன். எங்கள் வீட்டில் நாய் இல்லை. நீ சிரிப்பாய் என்று பார்த்துக்கொண்டிருந்தேன், நீ சிரிக்கவில்லை, சரியப்பா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அம்மா குசினிக்குள் போய்ச் சட்டிகளை வைத்த சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். இரண்டு நாள் எனக்குக் கிடைத்த குழம்பில் உப்பே இல்லை. நீ கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் இப்போது எழுதுகிறேன், ஆனால் உன் அப்பனைத் தெரியும்தானே, நேர் ரோட்டில் போய்ப் பழக்கமில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறு.

விசா நிரந்தரமான பிறகு வியாழக்கிழமைகளில் இலவச ஆங்கில வகுப்புக்குப் போகிறேன் என்று உனக்குத் தெரியும். பாண் தொழிற்சாலையில் விடிய வேலை முடித்து, தலையில் மாவோடு போய் முன் கதிரையில் இருப்பேன். எங்கள் ரீச்சர் ஹெலன் மிஸ், உன் வயதுதான் இருக்கும், போன மாதம் ஒரு வேலை தந்தா. ஆளுக்கொரு புகழ்பெற்ற மனிதரைத் தெரிந்தெடுத்து அவருடைய வாழ்க்கையைப் பற்றி எல்லோருக்கும் முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும், பேசினால்தான் அடுத்த வகுப்பு. ஒருவர் கிரிக்கெட்காரரைச் சொன்னார், ஒருவர் தங்கள் நாட்டு அரசரைச் சொன்னார். என் முறை வந்ததும் வாயில் வந்தது உன் பாட்டுக்காரி ரோவினா கேட்ஸ். வேறு யாரைத்தான் எனக்குத் தெரியும்? உன் அறைக் கதவில் ஒட்டியிருந்த படத்தை ஆறு வருசம் ஒவ்வொரு நாளும் குளிக்கப் போகும்போதும் வரும்போதும் பார்த்தவன் நான். வீட்டில் அவதான் நான் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே பொம்பிளை என்று அம்மாவிடம் சொல்லி வாங்கிக் கட்டியிருக்கிறேன். உன்னைச் சீண்ட அவவை உன்னுடைய வெள்ளைப் பெரியம்மா என்று சொல்வேன், ஞாபகம் இருக்கும், நீ கதவை அடித்துச் சாத்துவாய்.

சரி, பெயரைச் சொல்லியாயிற்று, கதை தெரிய வேண்டுமே. அம்மா போனில் தேடித் தமிழாக்கி வாசிக்க நான் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். நீ இதெல்லாம் பாடமாக்கியிருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன், நான் கேட்டது இப்போதுதானே. ஒஹாயோ என்ற இடத்தில் ஒரு சின்ன ஊர், தகப்பன் லொறி ஓட்டுகிறவர், தாய் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஏழு வயதில் தேவாலயத்தில் பாடத் தொடங்கி, பதினாறு வயதில் சாப்பாட்டுக் கடையில் மேசை துடைத்துக்கொண்டே பாட்டு எழுதியிருக்கிறா, பில் புத்தகத்தின் பின்பக்கத்தில். முதல் இசைத்தட்டை ஒருவரும் வாங்கவில்லை. அடுத்ததற்குள் தொண்டையில் கட்டி வந்து சத்திரசிகிச்சை, ஒரு வருசம் வாய் திறக்கக்கூடாது என்று வைத்தியர் சொல்ல, சிலேற்றில் எழுதிக் காட்டிக் கதைத்திருக்கிறா. உன் அம்மாவுக்கு அப்படி ஒரு வைத்தியர் கிடைக்க மாட்டாரா என்று நான் கேட்டேன், அன்றைக்கும் உப்பில்லை. அதற்குப் பிறகு வந்த குரல்தானாம் உலகம் முழுக்கக் கேட்கிற இந்தக் கரகரத்த குரல். இன்றைக்கு விளையாட்டு மைதானம் நிரம்பப் பாடுகிறா, சிட்னிக்கே இரண்டு தரம் வந்து போயிருக்கிறா.

ஒரு இடத்தில் மட்டும் நான் வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தேன். அவ முதல் முதல் மேடையில் பாடிய அன்றைக்கு மொத்தம் பதினொரு பேர்தான் வந்தார்களாம். தகப்பன் வரவில்லை என்று பிள்ளை அழுதிருக்கிறா. அந்த மனுசன் வந்துதான் இருக்கிறார், எண்ணெய் பிடித்த உடுப்போடு உள்ளே போக வெட்கப்பட்டு வெளியில் லொறிக்குள் இருந்தபடி கண்ணாடியை இறக்கிக் கேட்டிருக்கிறார். அதைப் பல வருசம் கழித்துத்தான் சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது, எப்படிப்பட்ட தகப்பன் பாருங்கோ என்றா. எனக்குக் கோபம்தான் வந்தது. உள்ளே கதிரை சும்மா கிடக்க வெளியில் இருந்த மடையன் என்றேன். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தா. அதற்குப் பிறகு வெங்காயம் எல்லாம் அளவில்லாமல்தான் வெட்டுப்பட்டது.

கதை தெரிந்துவிட்டது, அதை ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும். ரயில் நிலையத்துக்கு அங்கால் இருக்கிற தேவராஜா அண்ணையை உனக்குத் தெரியும், இங்கே யார் செத்தாலும் முப்பத்தோராம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்கிற நினைவுப் புத்தகத்தில் வாழ்க்கை வரலாறு எழுதுகிறவர், தமிழிலும் எழுதுவார் இங்கிலிசிலும் எழுதுவார். பெரியம்மாவின் படத்தையும், பிறந்த திகதி, பிறந்த ஊர், வீடிருக்கிற ஊர், தாய் தகப்பன் பெயர் எழுதிய துண்டையும் கொண்டுபோய்க் கொடுத்து, வியாழக்கிழமைக்கு வேண்டும் அண்ணை, ஐந்து நிமிடம் வாசிக்கிற அளவு என்றேன். அவர் படத்தைப் பார்த்து, உங்களுக்கு என்ன முறை என்று கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எங்கள் பிள்ளைக்குப் பெரியம்மா முறை, பிள்ளை மெல்பேர்ணில் இருக்கிறாள், இவவில் உயிர் என்றேன். மனுசன் என் தோளில் கை வைத்தார், பிறகு உள்ளே சொல்லித் தேத்தண்ணி தந்தார். எவ்வளவு நல்ல மனுசன் என்று நினைத்துக்கொண்டு இரண்டாவது கோப்பையும் குடித்துவிட்டு வந்தேன். புதன்கிழமை எழுதித் தந்தார், ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலும் போட்டிருந்தார். நிதானமாக, தலையைக் கொஞ்சம் தாழ்த்தி வாசிக்கச் சொன்னார்.

வியாழக்கிழமை கோயிலுக்குப் போகிற சேட்டைப் போட்டுக்கொண்டு போய் அவர் சொன்ன மாதிரியே வாசித்தேன். எனக்குப் பாதிச் சொல் விளங்கவில்லை, ஆனால் வகுப்பு ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி, எனக்குப் புளுகமும் சந்தோசமும் தாங்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் பிலிப்பைன்ஸ்காரி மரிசெல் விம்மத் தொடங்கினா. ஆப்கானிஸ்தான்காரர் ஒருவர் எழுந்து நெஞ்சில் கை வைத்தார். இவ்வளவு நன்றாகவா வாசிக்கிறேன் என்று நான் இன்னும் குரலைத் தாழ்த்தினேன். கடைசியில் உன் பெயர் வந்தது, நிவேதிகா, மெல்பேர்ண் என்று. அட, பிள்ளையின் பெயரையும் சேர்த்திருக்கிறார் என்று அதை மட்டும் பலமாக வாசித்தேன். ஹெலன் மிஸ் முகம் வெளிறிப்போய்ப் போனை எடுத்துத் தட்டினா, தட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டா, மிஸ்டர் யோகராசா, இவ உயிரோடுதானே இருக்கிறா, நேற்றும் பாடியிருக்கிறாவே என்று.

அதற்குப் பிறகுதான் பிள்ளை எனக்கு எல்லாம் விளங்கியது. ஒஹாயோவைப் பிறப்பிடமாகவும் கலிபோர்னியாவை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கி, இன்னாரின் கனிஷ்ட புத்திரி, பாசமிகு சகோதரி, அன்னாரின் பிரிவால் துயருறும் பெறாமகள் நிவேதிகா, ஆன்மா சாந்தியடையட்டும் என்பது வரைக்கும் அண்ணை அச்சொட்டாக இங்கிலிசில் இறக்கி வைத்திருக்கிறார். அவர்மேல் என்ன பிழை, உயிரோடு இருக்கிறவர்களின் வாழ்க்கையை எழுதச் சொல்லி அவரிடம் இதுவரை யார் போயிருக்கிறார்கள்? வகுப்பு சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர் கதவைத் திறந்து பார்த்தார்கள். மரிசெல் அழுத கண்ணோடு சிரித்துக் கண் துடைத்த துவாயால் என்னை அடித்தா. நான் மூன்று கிழமையாகச் சிரிக்காத சிரிப்பெல்லாம் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கின பிறகு ஹெலன் மிஸ் கேட்டா, அப்படியென்றால் நிவேதிகா யார் என்று. அந்த இடத்தில் எனக்கு ஒரு பகிடி வந்திருக்க வேண்டும், எப்போதும் வரும், அன்றைக்கு வரவில்லை. கடுதாசியைப் பார்க்காமல் நானே சொன்னேன்.

“மை டோட்டர். ஷி இஸ் சிங்கர்.”

நீ பிறந்த இந்த இருபத்திரண்டு வருசத்தில் அதை நான் வேறு ஒருவருக்கும் சொன்னதில்லை, கேட்டால் படிக்கிறாள் என்பேன், படிப்பை விட்ட பிறகும் படிக்கிறாள் என்றுதான் சொன்னேன். மரிசெல் உடனே கேட்டா, எங்கே பாடுகிறா என்று. மெல்பேர்ண், அடுத்த மாதம், எழுபது கதிரை என்றேன். நீங்கள் போகிறீர்களா என்றா. அது முழுக்க விளங்கிய ஆங்கிலம். யெஸ் என்றேன். உனக்குச் சொல்ல வேண்டியதை முதலில் அவர்களுக்குச் சொல்லிவிட்டேன், அதற்கு மன்னிக்க வேண்டும். நாய்க் கதைக்கும் மன்னிக்க வேண்டும். எனக்கு உன் பாட்டில் வெறுப்பு ஒன்றும் இல்லை மகள். எழுபது கதிரையும் வெறுமையாகக் கிடந்து நீ மேடையில் தனியாக நின்றால் அதைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பேன் என்று பயந்துதான் அன்றைக்கு அப்படி உளறினேன். இப்போதும் பயம்தான். பயத்தோடேயே வருகிறேன், வெளியில் நிற்கமாட்டேன்.

அடுத்த மாதம் நீ பாடுவதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பகல் ரயிலில் அம்மாவும் நானும் ஏறுகிறோம், இரவு வந்து சேருவோம், கூட்டிப்போக ஆள் வைத்துக்கொள். தொழிற்சாலையில் லீவும் எடுத்தாயிற்று. தேவராஜா அண்ணையிடம் போய் உண்மையைச் சொன்னேன், மனுசன் அவ நீடூழி வாழட்டும் என்று சொல்லித் தன் கடுதாசியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். ஹெலன் மிஸ் என்னை அடுத்த வகுப்புக்குப் போடுகிறாவாம், இவ்வளவு பேரை அழவைத்த பேச்சு இதுவரை இல்லையாம்.

குளிரில் தலை நனைய விடாதே, தொண்டையைக் கவனி, தேனும் மிளகும் அம்மா பாசலில் வைத்திருக்கிறா, வெறும் கோப்பியில் நாளை ஓட்டாதே. எந்தக் குறையும் இல்லாமல் உன் குரல் ஊரெல்லாம் கேட்க வேண்டும், அம்மாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. மறக்காமல் ஒரு காரியம் செய்: முன் வரிசையில் இரண்டு கதிரையில் எங்கள் பெயரை எழுதி ஒட்டிவை, தமிழில் எழுது, வேறு ஒருவரும் வந்து இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
கை நோக நோகத் தட்டப் போகிற
உன் அப்பா,
யோகராசா.