சிவந்த வால்

மார்ச் 4

அன்புள்ள வாயாடிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் ஒரு வரி எழுத உனக்குக் கை வலிக்கிறதா? நம் கடல் ஆராய்ச்சி நிலையம் அப்படியே இருக்கிறது. மீன்களை ஜாடிகளில் போட்டு வைத்திருக்கும் என் மாதிரி அறையில் ஸ்பிரிட் நெடியும் அப்படியே. ஒன்றுதான் மாறியிருக்கிறது. உலகத்திலேயே ஒன்றே ஒன்று என்று நீ கண்டுபிடித்து, என் பெயரை வைத்தாயே, அந்த மீன். ஸ்பிரிட்டில் கிடந்து எப்போதோ வெளுத்துப்போனது. இன்று பார்த்தால் ஜாடியில் அதன் வால் சிவப்பாக இருக்கிறது. வெளுத்த மீனுக்கு நிறம் திரும்புமா? சும்மாதான் கேட்கிறேன்.

உன் சிடுமூஞ்சி

மார்ச் 11

அடி சிடுமூஞ்சி,

முதலில் கண்ணாடியை மாற்று. இல்லையென்றால், ஜாடிகளுக்கு ஸ்பிரிட் மாற்றுகிறாரே அந்த அண்ணன், அவரைக் கேள். கை தவறிக் கீழே போட்டுவிட்டு எதையாவது வைத்திருப்பார். நான் வந்தது உன்னைப் பார்க்க, மீனைப் பார்க்க இல்லை.

வாயாடி

மார்ச் 18

வாயாடி,

அண்ணனைக் கேட்டேன். விஷயம் டைரக்டர் காதுக்கும் போய்விட்டது. விசாரணை முடியும்வரை அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். "நான் தொடவே இல்லைம்மா, நீங்களாவது நம்புங்க" என்று என் மேஜை முன்னால் நின்று அழுதார். பார்க்கச் சகிக்கவில்லை.

நீ வந்திருந்த அன்றைக்கு, "நீ போய் டீ குடி, நான் பாத்துக்கறேன்" என்று சாவியை வாங்கினாயே. வெளியாட்களை அந்த அறையில் தனியாக விடக்கூடாது. உன்னை நான் வெளியாளாக நினைக்கவே இல்லை.

ஒன்றே ஒன்று என்ற மீனுக்கு அச்சு அசலாக இன்னொன்று எங்கேயடி கிடைத்தது?

சிடுமூஞ்சி

மார்ச் 27

என் செல்லமே,

கோபப்படாதே. நான் அங்கே வருவதற்கு முன்னால், அது இங்கே மீன் சந்தையில் பொடிமீன் குவியலில் கிடந்தது. அப்படியானால் நம்முடையது புது இனம்தானா என்று சந்தேகம் வந்துவிட்டது. நம் மீனை வெட்டிச் சோதிக்க அனுமதி கேட்டால் ஊரெல்லாம் தெரிந்துவிடும் என்றுதான், இதை வைத்துவிட்டு அதை எடுத்து வந்தேன். சோதித்தும் பார்த்துவிட்டேன். புது இனமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சாதாரண மீனின் குஞ்சு. வெளியே தெரிந்தால் என் பதவி போகும், உன் பெயரும் போகும். அண்ணனுக்கு வேறு வேலை கிடைக்கும். நமக்கு? இதைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடு.

உன் வாயாடி

ஏப்ரல் 5

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைக் கிழிக்கவில்லை. டைரக்டரிடம் கொடுத்துவிட்டேன். அண்ணன் இன்று வேலைக்கு வந்துவிட்டார். என்னிடம் மட்டும் பேசவில்லை. மீனிலிருந்து என் பெயர் போனால் போகட்டும், அதோடா பிறந்தேன்?

எடுத்துப்போனதைப் பத்திரமாக அனுப்பிவையுங்கள். நேரில் கொண்டுவந்தாலும் சரி. உட்கார நாற்காலி போடுவேன், பக்கத்திலேயே நிற்பேன். சாவி என் கையில் இருக்கும்.

இப்படிக்கு,
மாதிரி அறைப் பொறுப்பாளர்