ஆறாங்கிளாஸ் இலைப் பாடம்

ஏனுங்க,

இருபத்தொரு வருசமா உங்களைக் கூப்பிட்டது இப்படித்தான். இப்பப் போயி ‘அன்புள்ள’ன்னு ஆரம்பிச்சா யாரோ வேத்தாளுக்கு எழுதற மாதிரி இருக்குதுங்க. ஸ்கூல் ஆண்டு மலருக்கு உங்களைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதித் தாங்கன்னு ஹெச்.எம். கேட்டாங்க. உங்களைப் பத்தி எழுதறதுக்கு உங்களுக்கே எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். கோவிந்தாபுரத்துல இருந்து கொல்லங்கோடு வரைக்கும் எல்லாரும் படிக்கட்டும். நான் ஒரு பொய் சொல்லியிருக்கேன், அதையும் இதுலயே ஒப்புக்கணும்.

முதல்ல ஊட்டுச் சேதி. பின்னாடி மாமரம் இந்த வருசம் நெம்பப் பூத்திருக்குது. உங்க வண்டியைக் குடுத்துடலாம்னு என் தம்பி சொன்னான், நான் விடல. சக்கரை மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கறேன். நீங்க இருந்து நச்சரிச்சப்ப மறந்தவ, இப்பக் கேக்க ஆளில்லாம ஒழுங்கா இருக்கறேன், பாருங்க.

ஓணம் லீவு முடிஞ்ச வாரம் ஒரு நாள் காத்தால நீங்க போனீங்க. காரியமெல்லாம் முடிஞ்சு நான் வேலைக்குப் போன அன்னைக்கே உங்க ஆறாங்கிளாஸ் சயின்ஸை ஹெச்.எம். என் தலையில வெச்சுட்டாங்க. தமிழ் மீடியத்துல வேற யாருங்க இருக்காங்க? பக்கத்து அறையில நாலாங்கிளாசுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுத்துட்டிருந்தவ, உங்க புரொஜெக்டருக்கு முன்னாடி போயி சாக்பீசோட நின்னேன்.

அந்தப் புரொஜெக்டர் மேல எனக்கு இருந்த கடுப்பு உங்களுக்குத் தெரியாததா? கேரளா ஸ்கூலாச்சே, கிளாசுக்கு வர்ற பாட வீடியோ எல்லாம் மலையாளம். நம்ம புள்ளைங்க பஸ்லயும் கடையிலயும் மலையாளம் நல்லாவே பேசும், ஆனா பாடத்துல வர்ற மலையாளம் அதுங்களுக்குப் புரியாது. அதனால நீங்க வீடியோவோட சத்தத்தை நிறுத்திட்டு, பக்கத்துல நின்னு தமிழ்ல பேசுவீங்க. தொண்டை கட்டிப் போயி, அப்புறம் அதை ஊட்டுலயே பதிவு பண்ண ஆரம்பிச்சீங்க. சாப்பாட்டு மேசையில போனை நிக்க வெச்சுட்டு நீங்க பேசி முடிக்கற வரைக்கும் பேன் சுத்தக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது. உங்க சயின்சுக்காக எத்தனை நாள் வெறும் பொடியைத் தொட்டுத் தோசை தின்னோம்.

சாக்பீஸ் இருக்கறப்ப எதுக்குங்க இந்தக் கூத்துன்னு கேட்டேன். திரையைக் காட்டுனா புள்ளைங்க சினிமாப் பாக்கற மாதிரி வாயைப் பொளந்துட்டு உக்காந்திருக்கும்னு சொன்னேன். நீங்க சிரிச்சுட்டுப் போயிட்டீங்க. ஆனா செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க கிளாஸ்ல திடீர்னு எல்லாப் புள்ளைங்களும் ஒண்ணாக் கத்தும், அப்புறம் ஒரே சிரிப்பு. புள்ளைங்க வாத்தியாரைக் கூப்பிடற மாதிரியே நானும், என்ன மாஷ் இது, கிளாசா சந்தையான்னு வந்து சத்தம் போட்டிருக்கேன். எதுக்குச் சிரிக்கறாங்கன்னு கேட்டா மட்டும் சொல்லவே மாட்டீங்க.

இப்ப அந்தப் பொய். நீங்க பதிவு பண்ணி வெச்ச பென் டிரைவை ஹெச்.எம். கேட்டாங்க. ஆறு பாடம் அதுல இருக்குது, மூணுதான் நீங்க போட்டுக் காட்டியிருந்தீங்க. கெட்டுப் போச்சுங்க, ஓப்பனே ஆகலைன்னு சொல்லிட்டேன். அது என் பீரோவுல, பட்டுச் சீலைக்கு நடுவுல இருந்துச்சு.

ஏன் அப்படிச் செஞ்சேன்னு கேக்கறீங்களா? உங்க குரல்னு என்கிட்ட வேற எதுவுமே இல்லைங்க. போன் பண்ணுனா ‘ஆ, சரி’ன்னு வெச்சுடற ஆளு நீங்க. அதைப் போட்டுக் கேக்க எனக்குத் தைரியம் வரல. நானே கேக்க முடியாததை முப்பது புள்ளைங்க உக்காந்து கேக்கறதான்னு ஒரு ஆத்திரம் வேற. புள்ளைங்க மேலயே எனக்குப் பொறாமை வந்துச்சுங்க, வெக்கமில்லாமச் சொல்றேன்.

கிறிஸ்துமஸ் பரீட்சைப் பேப்பரைத் திருத்துனப்பத்தான் சுள்ளுன்னு பட்டுது. நீங்க நடத்துன மூணு பாடத்துக்கும் பக்கம் பக்கமா எழுதியிருந்தாங்க. நான் நடத்துனதுல பாதிப் பேரு வெறும் காகிதத்தை விட்டிருந்தாங்க. பாத்திரக்கடை பாய் மக ரிஸ்வானா, உங்க செல்லம், அவ ஒரு கேள்விக்குக் கீழ என்ன எழுதியிருந்தா தெரியுமா? ‘இதை மாஷ் இன்னும் சொல்லலை.’

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். லீவு முடிஞ்ச மொத நாளே போயி, திரைதானே வேணும், இந்தாங்கன்னு புரொஜெக்டரைப் போட்டேன். தெரிஞ்ச பாடத்துல ஆரம்பிக்கலாம்னு, நீங்க நடத்துன இலைப் பாடத்தோட மலையாள வீடியோவை ஓட விட்டேன். ஒரு நிமிசம்கூட ஆகல, ரிஸ்வானா எந்திரிச்சா.

“டீச்சர், சத்தத்தை நிறுத்தட்டுமா?”

நிறுத்துனா. திரையில இலை மட்டும் பெருசா நிக்குது. பின் பெஞ்சுல யாரோ உங்க மாதிரியே தொண்டையைச் செருமுனாங்க. அப்புறம் மொத்தக் கிளாசும் ஒரே குரல்ல ஆரம்பிச்சுது. “கண்ணுகளா, மரத்துக்கு இலைதான் சமையக்கட்டு. அடுப்பு யாரு? வெயிலு. காத்துல இருந்து ஒரு சாமான், வேருல இருந்து ஒரு சாமான்...” ஒரு வார்த்தை பிசகல. நீங்க மூச்சு வாங்கற இடத்துல அதுங்களும் மூச்சு வாங்குச்சு. வேருல இருந்து தண்ணி மேல ஏறற இடம் வந்துச்சு. எல்லாம் சட்டுன்னு நிறுத்திட்டு, என்னைத் திரும்பிப் பாத்து, வாயைப் பொத்திச் சிரிக்குதுங்க.

பொம்பளைப் புள்ளைங்க எல்லாம் சேந்து சொன்னாங்க: “ஏனுங்க, டீ ஆறுதுங்க.”

பசங்க சொன்னாங்க: “இதா, வந்துட்டேன் சரசு.”

அப்புறம் எல்லாரும்: “சரி, எங்க விட்டோம்? தண்ணி.”

இது எங்கிருந்து வந்துச்சுன்னு கேட்டேன். “பாடத்துலயே வருது டீச்சர். உங்க குரல்தான். அந்த இடம் வந்தா மாஷ் எங்களையே சொல்லச் சொல்லுவாரு”ன்னா ரிஸ்வானா. நீங்க இதைப் பதிவு பண்ணுன அன்னைக்கு, நான் சமையக்கட்டுல இருந்து கூப்பிட்டது பதிவாயிருச்சுன்னு வருத்தப்பட்டேன். வெட்டிட்டேன், வெட்டிட்டேன்னு சொன்னீங்களே. உங்க பொய்யும் என் பொய்யும் சரியாப் போச்சுங்க.

அன்னைக்குப் பொழுதோட ஊட்டுக்கு வந்து, பென் டிரைவை எடுத்து, அதே மேசையில உக்காந்து ஆறு பாடத்தையும் கேட்டேன். இலைப் பாடத்துல நான் கூப்பிடறேன், நீங்க வந்துட்டேன்னு சொல்றீங்க. அழுதேனுங்க. எத்தனை தடவை கூப்பிட்டேன், அத்தனை தடவையும் நீங்க வந்துட்டேன்னுதானே சொன்னீங்க, அந்த ஒரு நாள் காத்தால மட்டும் ஏனுங்க பதில் சொல்லல?

மறுநாள் ஹெச்.எம். கையில குடுத்துட்டேன். புதுசாக் கெடச்சுதுன்னு சொன்னேன், அதுவும் பொய்தான். இதைப் படிச்சுட்டு அவங்க என்னை மன்னிக்கணும்.

உங்க ஆறு பாடமும் கிளாஸ்ல போட்டாச்சு. ஏழாம் பாடத்துல இருந்து நீங்க இல்லைங்க. அதனால நானே பேனை நிறுத்திட்டு, போனை நிக்க வெச்சுப் பேசறேன். மொதப் பதிவு ரேஷன் கார்டு படிக்கற மாதிரி இருந்துச்சு. போட்டுக் காட்டி எப்படிடி இருக்குதுன்னு ரிஸ்வானாவைக் கேட்டேன். “நல்லாருக்குது டீச்சர். ஆனா உங்களை யாருமே டீக்குக் கூப்பிடல”ன்னா.

மறுபடியும் பதிவு பண்ணுனேன். நடுவுல ஒரு இடத்துல மூணு எண்ணற வரைக்கும் பேசாம இருந்தேன். கிளாஸ்ல அந்த இடம் வந்ததும் புள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துட்டு, ஒரே குரல்ல கூப்பிட்டாங்க: “டீச்சர், டீ ஆறுதுங்க.” இதா, வந்துட்டேன்னு சொன்னேன்.

இன்னும் நாலு பாடம் இருக்குதுங்க. அத்தனையும் நானே பேசி முடிப்பேன், ஒவ்வொண்ணுலயும் அந்த இடத்தை விடுவேன். அடுத்த வருசம் வர்ற ஆறாங்கிளாசுக்கும் உங்க இலைப் பாடத்தை வெட்டாமப் போடுவேன். நீங்க அங்க டீ வெச்சுட்டு என்னைக் கூப்பிட்டீங்கன்னா, அது சித்த ஆறட்டுமுங்க. பாடத்தை முடிச்சுட்டு வர்றேன்.

உங்க ஊட்டுக்காரி,
சரசு