ஒரு துடுப்பு அதிகம்

கோபக்காரிக்கு,

"தம்பிமாருக்குப் பொட்டு வைக்கிற நாள் வருது. சாமந்தி மாலையை வச்சுக்கிட்டு நான் தனியா உட்காரணுமா? நீங்களாவது வாங்க" என்று எழுதியிருந்தாய். திரிசூலி ஆற்றில் வெள்ளம் வடிந்துவிட்டது. படகுச் சவாரிக்குப் பயணிகள் தினமும் வருகிறார்கள். வர முடியாது.

அது காரணமில்லை. உன் தம்பி டேக்மான் ஆற்றில் விழுந்ததைப் பார்த்ததுமே குதித்தேன் என்று உன்னிடம் சொன்னது பொய்.

அன்று படகில் என்னைத் தவிர ஆறு பேர், அவனையும் சேர்த்து. "அத்தான், கொஞ்சம் மெதுவா கத்துங்க, மீனெல்லாம் ஊரைக் காலி பண்ணிடும்" என்று முன்னால் உட்கார்ந்து கிண்டல் செய்துகொண்டே வந்தான். பாறைகளுக்கு நடுவே நுரைத்து இறங்கும் பெரிய பாய்ச்சலைத் தாண்டியதும் வழக்கம்போல, "தூக்குங்க துடுப்பை!" என்றேன். ஆறு துடுப்புகளும் மேலே போயின. நாங்கள் ஆள் எண்ணுவது அப்படித்தான். நுரையில் முகம் தெரியாது, மஞ்சள் துடுப்பு தெரியும். நான் சிரித்துக்கொண்டே கரைக்கு ஓட்டினேன்.

கரையில்தான் பார்த்தேன். காத்மாண்டுவிலிருந்து வந்த வங்கிக்காரர் கையில் இரண்டு துடுப்புகள்.

"இது தண்ணியில மிதந்து வந்துச்சுண்ணே. பத்திரமா புடிச்சு வச்சேன்."

இப்போது நான் தலைகளைத்தான் எண்ணுகிறேன். துடுப்பைத் தூக்கச் சொல்வதே இல்லை. ஆனாலும் பாய்ச்சலைத் தாண்டிய சந்தோஷத்தில் அவர்களாகவே தூக்கிவிடுகிறார்கள். நேற்று படகில் ஏறியதே ஐந்து பேர். ஐந்து தலைகள். துடுப்புகள் ஆறு.

மாலையைக் கொடுத்தனுப்பு. நான் ஊருக்கு வந்துவிட்டால் அவனை யார் எண்ணுவார்கள்?

உன் வீட்டுக்காரன்