படத்துக்குப் பின்னால் இருந்த கதவு

அன்புள்ள அண்ணா,

இந்தத் தாளை யாரிடமும் காட்டாதே, உன் அறையில் கூட இருப்பவர்களிடம்கூட. அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய கடிதம் இதே உறையில் இருக்கிறது. எல்லோரும் சுகம், நேரத்துக்குச் சாப்பிடு என்று வழக்கம்போல இருக்கும். கடைசியில், நீ கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் ரயில் ஹோட்டல் வரைபடத்தை அந்தக் கம்பெனிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பு என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அனுப்பாதே அண்ணா. அதைச் சொல்லத்தான் எல்லோரும் தூங்கியபின் சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரயில் ஹோட்டல் இப்போது ஒன்றுகூட இல்லை. நடிகர் முதல் கடை வாசலில் பச்சைக்கொடி அசைத்தபோது கூட்டம் தெருமுனை வரை நின்றதே, சர்வர் விசில் ஊதினால் பெஞ்சுகள் குலுங்கி, ரயில் கிளம்பியதுபோல இருக்குமே, அப்படி இருபத்திரண்டு கடைகள் ஆயின. ஒவ்வொன்றையும் ரயில்பெட்டி மாதிரி கட்டியது அப்பாவின் கைவேலை. ஆற்றங்கரைக் கடையில் தீப்பிடித்ததைச் சின்ன விபத்து என்றுதான் அம்மா உனக்கு எழுதச் சொன்னாள். சின்னதில்லை. புகைக்குப் பயந்து பின்பக்கம் ஓடியவர்கள் கதவு இருக்கும் என்று நடிகரின் பெரிய படத்தைப் பிய்த்திருக்கிறார்கள், பின்னால் செங்கல்தான் இருந்தது. விசில் ஊதுகிற சர்வர் இன்னும் கண் திறக்கவில்லை. அதற்கப்புறம் எந்தக் கடைக்கும் ஆள் வரவில்லை, ஒவ்வொன்றாக மூடினார்கள். நடிகர் டிவியில், "நான் முகத்தை மட்டும்தான் கொடுத்தேன், தச்சர் அவர் இஷ்டத்துக்குக் கட்டிட்டார்" என்கிறார்.

அப்பா அன்றே நம் வீட்டுத் தாழ்ப்பாள்களை எல்லாம் கழற்றிவிட்டார், வாசல் கதவுடையதையும். "திருடனுக்குச் சாப்பாடும் எடுத்து வெச்சிடலாமா" என்று அம்மா கேலி செய்தாள். அப்பா சிரிக்கவில்லை. "கோடு போட்டது அவரு, செங்கல் வெச்சது நான்தானே" என்றார்.

இன்று சாயங்காலம் கம்பெனி ஆட்கள் இரண்டு பேர் வந்தார்கள். வரைபடத்தில் பின்கதவைப் பச்சை மையால் அடித்து, இங்கே என் படம் வரட்டும் என்று எழுதியது நடிகர்தான், என் பையன் ஆசையாகக் கேட்டதால் அதன் கீழேயே கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார் என்று அப்பா வெகுளியாகச் சொல்லிவிட்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உயரமானவர் அம்மாவிடம், "அதை வரவழைச்சுக் கொடுங்கக்கா, உங்க வீட்டுக்காரரை நாங்க பார்த்துக்கறோம்" என்றார். அம்மா நம்பிவிட்டாள். அவர் மறந்துவிட்டுப் போன ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கினேன். "வந்ததும் கிழிச்சுப் போட்டா முடிஞ்சுது, உள்ளே போறது தச்சன்தான்" என்று அவர் கூட வந்தவரிடம் சிரித்துக்கொண்டிருந்தார். திரும்பி என்னைப் பார்த்துவிட்டார். எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். பத்தாவது என்றேன். "நல்லாப் படி பாப்பா, காதுல விழுறதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே. உங்க அண்ணனுக்குப் போற கடிதத்தை நாங்களே வந்து வாங்கிப் போட்டுடறோம்" என்றார். ஹெல்மெட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு மேலே ஓடி வந்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னால் இப்போதே தெருவில் இறங்கிச் சண்டை போடுவாள். அப்பாவிடம் சொன்னால், போகட்டும் விடு என்பார். போனில் பேசலாமென்றால் கீழ்வீட்டில்தான் போன், தெருவே கேட்கும். அதனால் விடிந்ததும் பள்ளிக்கூடம் போகிற வழியில் இதை நானே தபால் பெட்டியில் போடப்போகிறேன். தீ விபத்து விசாரணை அடுத்த மாதம் மூன்றாம் தேதி. வரைபடத்தை நகல் எடுத்து வைத்துக்கொண்டு, அசலை நேராக விசாரணை அதிகாரிக்கே அனுப்பு. அவர் விலாசத்தைச் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து இதோடு வைத்திருக்கிறேன். கண்ணாடியிலிருந்து எடுக்கும்போது பார்த்து எடு, மையில் ஈரம் படக்கூடாது.

அம்மா எப்போதும் முடிக்கச் சொல்வதுபோல நானும் சொல்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள், எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நாங்கள் எல்லோரும் இங்கே

அண்ணா, நம் வீட்டில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. தாழ்ப்பாள் இல்லையென்று தெருவுக்கே தெரியும், தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். இப்போது யாரோ தட்டுகிறார்கள்