மிஞ்சிய கிறிஸ்துமஸ் விருந்து

அன்புள்ள அம்மாவுக்கு,

தேவ கிருபையால் நான் சுகம். உங்கள் முட்டிவலி தேவலையா?

கிறிஸ்துமஸுக்கு என் வார்டு நர்சுகள் ஐந்து பேரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கடைசி நேரத்தில் அவர்களுக்கு டியூட்டி போட்டுவிட்டார்கள். கோழிக்குழம்பு, சோறு, கேக், கூடவே நானும், எல்லாம் மிச்சம்! வீணாக்க மனசு வரவில்லை. மறுநாள் கறியை உதிர்த்துச் சோற்றோடு கிளறினேன். காய்ந்த கேக்கைப் பாலில் ஊறவைத்தேன். கீழ்வீட்டுப் பெரியவருக்கும் ஒரு கிண்ணம் கொண்டுபோனேன்.

"வீட்டுல விருந்தாளிங்களாம்மா?" என்றார்.

"ஆமாங்க, இப்பதான் கிளம்பினாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அம்மா, ஓர் ஆளுக்கு மட்டும் குழம்பு வைக்க மசாலா எவ்வளவு என்று எழுதுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் வீடு நிறைய ஆட்களுக்கான அளவு.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பஸ் வந்துவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்