மொட்டைமாடியில் பிடித்த நெபுலா

அன்பு மகளுக்கு உன் பெரியப்பா எழுதுவது. நானும் உன் பெரியம்மாவும் வழக்கம்போல் சண்டை போடும் அளவுக்குச் சுகம், நீயும் அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும். நடந்ததெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் முன்பே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை. நீ அந்தச் சின்னத் தொலைநோக்கியையும் உன் பழைய கேமராவையும் அனுப்பியபோது, பெரியப்பா பொழுதைப் போக்கட்டும் என்றுதான் நினைத்திருப்பாய். பார்சலைப் பிரிக்கும்போதே சொன்னேன், இந்த வீட்டுக்கு வைத்தியர் வந்தாச்சு என்று.

உன் கவலை எனக்குத் தெரியும். இடுப்பு எலும்பு கூடிவிட்டது, தாராளமாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியும் மறுபடி விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் பெரியம்மா கட்டிலே கதி என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். இப்படியே போனால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. அரும்பாடுபட்டு வாங்கிய வேலை அம்மா அது.

இனி நெபுலாவுக்கு வருகிறேன். எட்டாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் நான், அந்தப் பாடம் மற்றவர்களைவிட எனக்கு மூன்று மடங்கு தெரியும். நெபுலா என்றால் வானத்தில் மிதக்கும் புகைமூட்டம், நட்சத்திரங்களுக்குப் பிரசவ வார்டு. வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே மங்கலாக ஒரு திட்டு என்று நீ சொன்ன அடையாளத்தை வைத்துக்கொண்டு, இருட்டியதும் மாடியில் தொலைநோக்கியை நிறுத்தி, காற்றில் ஆடாமலிருக்க முக்காலியில் செங்கல் பையைத் தொங்கவிட்டேன். காலமெல்லாம் லாரி ஓட்டிய கை, நடுங்குமா. நட்சத்திரங்களே கொஞ்சம் நின்று போஸ் கொடுத்தன. வானம் நகர்ந்துகொண்டே இருப்பதால் சில நொடிப் படங்களாக எடுத்துத் தள்ளினேன். எதிர்வீட்டுக் கம்ப்யூட்டர்காரர்தான் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே படமாக்கினார். பாதிப் படம் கன்னங்கரேல்னு இருக்கே, மூடியைக் கழட்டாமலே எடுத்தீங்களாண்ணே என்று சிரித்தார். வேணும்னேதான் எடுத்தேன் என்றேன். பிறகு பார்த்தால், கேமரா தானாக உண்டாக்கும் புள்ளிகளைக் கழிக்க அந்த மாதிரிக் கறுப்புப் படங்களும் வேண்டுமாம். மனிதரே அவற்றையும் எடுத்துச் சேர்த்துக்கொண்டார்.

படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன், ரோஜா நிறத்தில் சிறகு விரித்த மாதிரி இருக்கும். மகளுக்கு நன்றி சொல்வது வழக்கமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன், நீ மகராசியாக இருக்க வேண்டும். குளிரில் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்ய மறக்காதே. வேலையை விடும் பேச்சை விட்டுவிடு.

அதற்குக் காரணம் சொல்லத்தான் ஒரு புளுகை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கறுப்புப் படங்கள் மட்டும்தான் நான் எடுத்தவை. எல்லாம் இருட்டாகவே விழுகிறதே என்று நான் மாடியில் போட்ட கூச்சலைக் கேட்டு, படிக்கட்டில் கைத்தடிச் சத்தம் வந்தது. பெரியம்மா சுவரைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்து, மூச்சு வாங்க நின்று, ஒரு மூடியைக் கழட்டத் தெரியல, இதுல வாய் வேற, தள்ளுங்க என்றாள். தள்ளிக்கொண்டேன். நெபுலாவைத் தேடிப் பிடித்ததும் அவள், படம் எடுத்ததும் அவள். அன்றிலிருந்து தினமும் மாடியில்தான் இருக்கிறாள்.

இப்படிக்கு,
இன்னும் தன் முறை வராத
உன் பெரியப்பா