ஜம்பர் தொப்பியும் ஒரு கொண்டை ஊசியும்

மதினி, உங்களோடு எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. இன்று மத்தியானம்தான் அது தெரியவந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பரணில் கிடந்த நம் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்று இறக்கினேன். கொடுக்கும் முன் ஒரு தடவை திறந்து பார்ப்போமே என்று நான்கு திருகாணிகளையும் கழற்றினேன். மூடியை எடுத்ததும் தூசியும் சூடேறிய பிளாஸ்டிக்கும் கலந்த அந்த வாசம் வந்தது, இத்தனை வருடம் கழித்தும். அடியில், ஒயர்களுக்குக் கீழே, உங்கள் கொண்டை ஊசி ஒன்று கிடந்தது. கறுப்பு ஊசி, ஒரு கால் மட்டும் நிமிர்ந்தது. அதை எதற்காக நிமிர்த்தினீர்கள் என்று உலகத்தில் என் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் நம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட். ராஜபாளையத்திலிருந்து காலை பஸ்ஸில் இருவரும் போவோம். நீங்கள் பிள்ளைகளுக்கு லோயர், ஹையர் சொல்லிக்கொடுப்பீர்கள். நான் மூலையில் உட்கார்ந்து வக்கீல் குமாஸ்தாக்கள் கொண்டுவரும் மனுக்களை அடிப்பேன். அடித்து முடித்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நமக்கு ஒரு முறை இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். நான் மூலத்தைச் சத்தமாக வாசிக்க, நீங்கள் அடித்த தாளில் பென்சிலை ஓட்டிக்கொண்டே வருவீர்கள். கமா, முற்றுப்புள்ளிகூட விடமாட்டேன். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் ஒரு மனுகூடப் பிழை என்று திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் நம் இருவருக்குமே உண்டு, ஒத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பக்கத்துத் தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை வந்தது. குமாஸ்தாக்கள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். ஒரு பிழை வந்தால் பக்கம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டாம் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? நாமும் ஒன்று வாங்கியே தீர வேண்டும் என்று நீங்கள் பிடிவாதம் பிடித்தீர்கள். மில்லில் ஃபிட்டராக இருந்த அண்ணனுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. மெஷின் என்றால் அவனுக்குக் குறைந்தது அரை டன் எடையாவது இருக்க வேண்டும். அரை மனதாகச் சம்மதித்தான்.

மதுரையில் சாமான்களைத் தனித்தனியாக வாங்கினீர்கள். கடைக்காரர் தானே பூட்டித் தருவதாகச் சொன்னாராம். நீங்கள் வேண்டாம் என்றுவிட்டீர்கள். "டைப்ரைட்டரை அக்கக்காக் கழட்டி மாட்டுறவளுக்கு இதெல்லாம் எம்புட்டுட்டி?" என்று என்னிடம் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்ஸ்டிட்யூட்டை உள்ளே தாழிட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். மதர்போர்டை மேசையில் வைத்தோம். பிராசஸருக்கு என்ன வேகம், எவ்வளவு வோல்டேஜ் என்று அந்தப் போர்டுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். எழுதிச் சொல்ல முடியாது. போர்டில் ஊசி ஊசியாக முள்கள் நிற்கும். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் தொப்பியை எந்த முள்ஜோடியில் மாட்டுகிறோமோ அதுதான் கட்டளை. ஜம்பர் என்று பெயர். நம் விரலுக்கு அது அடங்கவில்லை. தலையிலிருந்து ஊசியை உருவி, ஒரு காலைப் பல்லால் நிமிர்த்தி, அதை வைத்துத் தொப்பியைக் கழற்றினீர்களே, அந்தக் காட்சி இப்போதும் கண்ணில் நிற்கிறது.

போர்டோடு வந்த புத்தகம் என் கையில். வழக்கம்போல நான் வாசிக்க, எதிரில் நீங்கள் மாட்டினீர்கள். முதலில் வேகம். நாம் வாங்கியது நூற்று அறுபத்தாறு. அந்த முள்களுக்குப் பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண் அச்சிட்டிருந்தது. சுலபமாக முடிந்தது. நான் அடுத்த வரியையும் வாய்தவறி வாசித்துவிட்டேன். உங்கள் கண் பளிச்சென்றது.

"இருநூறு இருக்கா? ஒரே ஒரு தொப்பிதான் மாறுது. போட்டுருவோமாட்டி?"

வாங்கினது எதுவோ அதுவே போதும் என்று அதட்டினேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அடுத்ததுக்குப் போனீர்கள்.

அடுத்தது வோல்டேஜ். ஒரே வரிசையில் ஆறு ஜோடி முள், எண் எதுவும் இல்லை. நம் பிராசஸரின் முதுகில் 2.8 என்று இருந்தது. "இடமிருந்து ரெண்டாவது" என்று வாசித்தேன். "இடமிருந்து ரெண்டாவது" என்று திருப்பிச் சொல்லி மாட்டினீர்கள்.

சுவிட்சைப் போட்டதும் திரையில் எழுத்து வந்தது. 166 என்றும் வந்தது. நீங்கள் என் கன்னத்தைக் கிள்ளினீர்கள். அப்போதே போய்ப் பால்கோவா வாங்கி வந்து, பஸ்ஸுக்கு நிற்கும்போதே தின்று தீர்த்தோம்.

திங்கட்கிழமை முதல் மனுவை அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் திரை அப்படியே உறைந்துவிட்டது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடும், பிறகு மறுபடி நிற்கும். செவ்வாயும் அதே கதை. குமாஸ்தா ஒருவர் காத்திருந்து பார்த்துவிட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்குப் போனார்.

அன்று ராத்திரி சாப்பாட்டில் அண்ணன் தீர்ப்பைச் சொன்னான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாரு. சரிவரலைன்னா மதுரைக்காரன்கிட்டயே வந்த வெலைக்குத் தள்ளிட்டு, இன்ஸ்டிட்யூட்டையும் மூடிட்டு வீட்டோட இரு." ரசத்தை அவன் தட்டில் ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போனீர்கள். கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் ஆரம்பித்த இன்ஸ்டிட்யூட் அது. அதை மூடினால் உங்களுக்கு என்ன மிச்சம் என்று எனக்குத் தெரியும். அண்ணன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை மறுநாள் உங்கள்மேல்தான் காட்டினேன்.

நான் வாசித்ததில் தப்பே இல்லை, நீங்கள்தான் மாற்றி மாட்டியிருப்பீர்கள் என்றேன். மாட்டியதில் தப்பே இல்லை, நான்தான் வரி மாறி வாசித்திருப்பேன் என்றீர்கள். திரும்பும் பஸ்ஸில் நீங்கள் முன் சீட்டு, நான் கடைசி சீட்டு. ராஜபாளையத்தில் இறங்கியும் நீங்கள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கமாக வீட்டுக்கு நடந்தோம்.

வியாழக்கிழமை காலையில் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு ஓடவிட்டீர்கள். பிராசஸர் மேலிருந்த அலுமினியக் கட்டியைத் தொட்டுவிட்டுக் கையை உதறினீர்கள். "தோசைக்கல்லு கெணக்கா கொதிக்குது. நிறுத்து. பொஸ்தகத்தை எடு" என்றீர்கள். போர்டைக் கழற்றிப் பழையபடி மேசையில் வைத்தோம். எதிரும் புதிருமாக உட்கார்ந்து, வேண்டாவெறுப்பாக நான் வாசித்தேன். இடமிருந்து இரண்டாவது. "அதுலதான இருக்கு" என்றீர்கள். நான் புத்தகத்தைப் படீரென்று மூடினேன்.

நீங்கள் எழுந்தீர்கள். மேசையைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்து, "தள்ளி உக்காருட்டி, படத்தை நான் பாக்கணும்" என்று என்னை இடித்துக்கொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தீர்கள். படத்தைப் பார்த்தீர்கள். போர்டைப் பார்த்தீர்கள். பிறகு தோள் குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தீர்கள். அழுகிறீர்களோ என்று நான் பயந்தே போனேன்.

புத்தகமும் போர்டும் இரண்டுமே என்னைப் பார்த்துத்தான் இருந்தன. என்னுடைய இடது, எதிரில் இருந்த உங்களுக்கு வலது. 2.8 என்று நினைத்து 3.3-ஐ மாட்டியிருக்கிறோம். நான் வாசித்ததும் சரி, நீங்கள் மாட்டியதும் சரி. மனுவை ஒப்பிடும்போது யார் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் என்ன? அந்தப் பழக்கத்தில் பத்து வருடம் ஊறிப்போனவர்களுக்கு இது எப்படித் தோன்றும்! பாவம் அந்தப் பிராசஸர், நான்கு நாள் அத்தனை சூட்டையும் தாங்கி உயிரோடு இருந்தது.

ஊசியால் தொப்பியை எடுத்துச் சரியான இடத்தில் மாட்டினீர்கள். சாயங்காலம் வரை ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை அண்ணன் மில்லிலிருந்து நேரே வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தான். போகும்போது, "ஃபேன்ல தூசி அடையாமப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னான். அடுத்த மாதத்திலிருந்து மில்லில் அவன் அடித்த தம்பட்டத்தைப் பிறர் சொல்லிக் கேட்டோம்.

அந்த வியாழக்கிழமையே உங்களிடம் நான் சத்தியம் வாங்கினேன். நான் இல்லாமல் பெட்டியைத் திறக்கக் கூடாது என்று. "சரிட்டி, ஆண்டாள் சாட்சி" என்றீர்கள். கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்துக் கையைக்கூட உயர்த்தினீர்கள்.

நான் எப்படி ஏமாந்தேன் என்று இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். கொஞ்ச நாளிலேயே நீங்கள் எனக்கு ஒரு பஸ் முன்னால் போக ஆரம்பித்தீர்கள். கம்ப்யூட்டரை யார் போடுவது என்றால் நீங்கள்தான். "என் கைதான் அதுக்கு ராசி" என்பீர்கள். கரண்டு போய் வந்தால்கூட ஓடிவந்து, எழுத்தும் எண்ணும் வந்து போகும்வரை திரையை மறைத்துக்கொண்டு நிற்பீர்கள். சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன், நான் ஒரு மக்கு.

இப்போது என் மகன் புதுக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறான். வேகம், வோல்டேஜ் எல்லாம் திரையிலேயே எண்ணாக வருகிறது. ஒரு பட்டனைத் தட்டிக் கூட்டுகிறான், குறைக்கிறான். ஊசி வேண்டாம், தொப்பி வேண்டாம். ஆனாலும் அவன் எதையாவது எனக்கு வாசித்துக் காட்டினால் நான் எதிரில் இருந்து கேட்பதில்லை. எழுந்துபோய் அவனை இடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். நீங்கள் போவதற்கு முந்தைய மாதங்களில், டாக்டர் எழுதியதைப் பார்த்து அண்ணனும் நீங்களும் வாதாடும்போதும் அப்படித்தான் கட்டிலில் உங்களை ஒட்டி உட்கார்ந்து வாசித்தேன். "கொஞ்சம் தள்ளிட்டி" என்று சிரித்தீர்கள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். இன்று அந்த ஊசியை எடுத்தபின் போர்டை உற்றுப் பார்த்தேன். வோல்டேஜ் தொப்பி சரியாக 2.8-இல் இருந்தது. வேகத்தின் தொப்பி மட்டும் நாம் போட்ட இடத்தில் இல்லை. உங்கள் அலமாரியில் தேடிப் புத்தகத்தை எடுத்துவந்து ஒப்பிட்டேன். இருநூறு! ஏழு வருடம் நான் அடித்த அத்தனை மனுவும் இருநூறில்தான் ஓடியிருக்கிறது. ஆண்டாளைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு செய்கிற வேலையா இது, மதினி?

திட்டிக்கொண்டே மூடப்போனபோதுதான் பார்த்தேன். இருநூறு என்ற வரிக்கு எதிரே, ஒப்பிட்டுப் பார்க்கிற அதே பென்சிலால், உங்கள் கையெழுத்தில் சின்னதாக எழுதியிருந்தது: "அவ கேட்டா மறைக்கக் கூடாது."

பெட்டியைக் கொடுத்தனுப்பிவிட்டேன். தொப்பியை ஊசியில் கோத்து என் மணிபர்சில் வைத்திருக்கிறேன். ஏழு வருடத்தில் ஒரு நாள்கூட நான் கேட்கவில்லை. இப்போது கேட்டுவிட்டேன், சொல்லுங்கள்.